மாலைச் செய்தி வாசிப்பவள்

ஜூன் 16
பெண்கள் விடுதி, கீழ்த்தளம்

அன்புள்ள சித்திக்கு,

மூக்கு ஒழுகுவதைத் தவிர நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கடிதத்தை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆரம்பித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதி வரைந்த படக்கதைப் புத்தகம் 'குண்டூசி' வந்து சேர்ந்தது. அன்றைக்கே படித்து முடித்துவிட்டேன். அதில் அந்த முரட்டுப் பெண் புல்டோசர் நடந்து வரும்போது சுவர்க் கடிகாரம்கூடப் பயந்து நின்றுவிடுகிறதே, அந்தப் படத்துக்கு நான் சிரித்த சிரிப்பில் வார்டன் மேடம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவளுடைய எடுபிடிகள் இரண்டு பேருக்கும் முன்சக்கரம், பின்சக்கரம் என்று பெயர் வைத்ததும் பிரமாதம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் புல்டோசர் மாதிரி ஆள் எங்கேயும் கிடையாது. பார்த்தவுடனே கெட்டவள் என்று தெரிந்தால் அப்புறம் என்ன கஷ்டம்? எங்கள் விடுதி லீடர் அக்காவை வந்து பாருங்கள். பத்தாம் வகுப்பு. மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடை, சட்டையில் பேட்ஜ். டீச்சர் யார் வந்தாலும் முதலில் எழுந்து நிற்பது அவர்தான். மேடம்களுக்கு அவர் தங்கக்கட்டி.

அந்தத் தங்கக்கட்டி, மாலைப் படிப்பு முடிந்து சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் என்ன செய்கிறார் தெரியுமா? எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெண்ணைக் கட்டில்மேல் ஏறி நிற்கச் சொல்வார். செய்தித்தாளைக் கையில் கொடுப்பார். "மாலைச் செய்திகள்" என்று ஆரம்பித்து அவள் சத்தமாக வாசிக்க வேண்டும். அவளுக்குத் திக்குவாய். "மா" என்ற எழுத்தைத் தாண்டவே அவளுக்கு எவ்வளவோ நேரமாகும். ஹாலே விழுந்து விழுந்து சிரிக்கும். லீடர் அக்கா மட்டும் சிரிக்க மாட்டார். "உஷ், கேலி பண்ணாதீங்கப்பா, அவளுக்குப் பயிற்சி குடுக்கறேன்ல" என்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். அதை நான் எழுத மாட்டேன்.

வார்டன் மேடம் எங்கள் கடிதங்களைப் படிக்க மாட்டார், பயப்படாதீர்கள். எங்கள்மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை கிடையாது.

உங்கள் புத்தகத்தில் குண்டூசி, புல்டோசரின் துணி வாளியில் பச்சைச் சாயத்தைக் கொட்டுகிறாளே, பள்ளிக்கூடமே 'பச்சைக்கிளி' என்று சிரிக்கிறதே, அந்தச் சாயம் நிஜமாகவே போகாதா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாலு


ஜூன் 29

அன்பு வாலுக்கு,

முதுகுவலி விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறது. கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை. மற்றபடி நலம். கீழே சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கும் சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுத்து தூக்கித் தூக்கிப் போட்டிருந்தால் அவரைத் திட்டு.

விமர்சனத்துக்கு நன்றி. பத்திரிகைகளில்கூட யாரும் இவ்வளவு காரமாக எழுதவில்லை. பச்சைச் சாயம் பற்றிக் கேட்டிருந்தாய். போகவே போகாது! கொதிக்கக் கொதிக்கச் சோடா போட்டுத் துவைத்தாலும் போகாது. ஆராய்ச்சி செய்துதான் வரைந்தேன். என் வெள்ளைத் தலையணை உறை அதற்குச் சாட்சி.

இனி விளையாட்டில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பக்கத்துக் கட்டில் பெண் என்று எழுதியிருக்கிறாய். வாலு, அந்தப் பெண் நீதானா? எனக்குத் தெரிந்து உனக்குத் திக்குவாய் இல்லை. ஆனால் வேறு ஏதாவது இருக்கலாம். அதை மறைக்க இதைச் சொல்கிறாயோ என்று தோன்றுகிறது. உன்னை யாராவது ஏதாவது செய்தால் எனக்கு ஒரு வரி எழுது. அடுத்த பஸ்ஸில் அங்கே நிற்பேன். வருகிறவள் சும்மா வர மாட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எல்லோரும் சிரிக்கும்போது நீ என்ன செய்துகொண்டிருப்பாய்?

தலைக்கு ஈரம் போகத் துவட்டு. மூக்கு நிற்கும்.

அன்புடன்,
சித்தி


ஜூலை 14

சித்திக்கு,

மூக்கு நின்றுவிட்டது. கோபம் நிற்கவில்லை.

அது நான் இல்லை. நான் இல்லவே இல்லை! என்னை இங்கே யாரும் ஒன்றும் செய்யவில்லை. என்னை ஏதாவது செய்தால் அடுத்த பஸ்ஸில் வருவீர்கள். அவளைச் செய்தால்? பஸ் கிடையாதா? அம்மாவுக்கும் இதையே எழுதினேன். "உன்னை ஒண்ணும் பண்ணலயில்ல? அப்ப நீ உன் வேலையப் பாரு" என்று பதில் வந்தது. எனக்கு நடந்தால்தான் உங்களுக்கெல்லாம் கோபம் வருமா?

அவளைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். கணக்கில் எங்கள் வகுப்பிலேயே முதல். விசில் அடித்தால் நாய்க்குட்டி திரும்பிப் பார்க்கும். பாட்டிலிருந்து தண்ணீரை அண்ணாந்து குடித்தால் ஒரு சொட்டுச் சிந்தாது. அவளுக்கு அம்மா இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறார். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவருக்கே மறுநாள்தான் தெரியும் என்பாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நேரமாகும். ஆனால் கேட்டால் சிரிப்பு வரும். அவள் நிஜமாகவே வேடிக்கையாகப் பேசுவாள் சித்தி, காத்திருந்து கேட்டால்.

அவளுக்குக் கடிதமே வருவதில்லை. அதனால் உங்கள் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டுவேன். நல்லவேளை, போன கடிதத்தைக் காட்டவில்லை.

இப்படிக்கு,
வாலு


ஜூலை 30

அன்பு வாலுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக்கூட இன்று கூச்சமாக இருக்கிறது. நீ கேட்டது சரி. எனக்கு நன்றாக உறைத்தது.

உங்கள் தலைமையாசிரியைக்கு நானே எழுதப்போகிறேன். அதுவரை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வார்டன் மேடத்திடம் போய்ச் சொல்லுங்கள். அவசரப்பட்டு எதுவும் செய்துவைக்காதே. உன் பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

'குண்டூசி' நன்றாகப் போகிறது. பதிப்பாளர் வாயெல்லாம் பல். பள்ளிக்கூடங்கள் கட்டுக் கட்டாக வாங்குகின்றனவாம்.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை, தோன்றும்போது எழுது.

உன் சிநேகிதிக்கு என் அன்பைச் சொல்.

சித்தி


ஆகஸ்ட் 21

தங்கைக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம். நலமா என்று கேட்காதே.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். லேபில் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உன் அருமைப் பிள்ளை, விடுதி லீடர் பெண்ணின் துணி வாளியில் பச்சைச் சாயத்தைக் கரைத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு இருந்த நல்ல சீருடை எல்லாம் பாழ். எச்.எம். என் முன்னால் உன் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தையே காட்டினார். "உங்க தங்கச்சிதானாமே? ரொம்ப நல்ல புத்தகம்மா. ஆனா உங்க பொண்ணு தப்பாப் புரிஞ்சுக்கிட்டா" என்றார். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். ஒரு மாதத்துக்குக் கடிதம் போடக் கூடாது, வாங்கவும் கூடாது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. பாறாங்கல் மாதிரி நின்றாள்.

உனக்கென்ன, அங்கே மேஜையில் உட்கார்ந்து சாயம் கொட்டுவாய். காகிதத்தில் துவைத்தால் போய்விடும். இந்தப் பள்ளியில் இடம் வாங்க நான் எத்தனை நாள் வாசலில் காத்துக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். யாரோ ஒரு பெண் திக்கினால் என் பிள்ளை ஏன் தெருவில் நிற்க வேண்டும்? இனிமேல் அவளுக்கு வீரம் சொல்லிக்கொடுக்காதே. எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 10
தலைமையாசிரியை அலுவலகம்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: தங்கள் ஆகஸ்ட் 5ஆம் தேதிக் கடிதமும், ஆண்டு விழா அழைப்பும்.

தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறோம். மேற்படி கடிதத்தில் தாங்கள் குறிப்பிட்டிருந்தது குறித்து உரிய முறையில் விசாரிக்கப்பட்டது. எமது நிறுவனத்தில் எந்த மாணவியும் கேலிக்கோ துன்புறுத்தலுக்கோ உள்ளாவதில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தாங்கள் குறிப்பிடும் மாணவிக்கு, அவரது பேச்சுத் திறன் மேம்பட, மூத்த மாணவி ஒருவர் தம் சொந்த நேரத்தை ஒதுக்கி வாசிப்புப் பயிற்சி அளித்துவருகிறார். இத்தகைய சேவை மனப்பான்மை பாராட்டுக்குரியது. எனவே மேற்படி பொருள் முடித்துவைக்கப்படுகிறது.

துன்புறுத்தலுக்கு எதிராகக் குழந்தைகளுக்கு நகைச்சுவையுடன் தைரியமூட்டும் தங்கள் 'குண்டூசி' நூலை வகுப்புதோறும் வாங்கி வைத்துள்ளோம். நவம்பரில் நடைபெறும் எமது ஆண்டு விழாவில் அந்நூல் நாடகமாக நடிக்கப்படவுள்ளது. தாங்கள் சிறப்பு விருந்தினராக வந்து பரிசுகளை வழங்க வேண்டுகிறோம். விழாவின் மகிழ்ச்சியைக் கெடுக்கும் பொருள்களைப் பேச்சில் தவிர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியை


அக்டோபர் 6

சித்திக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. கடிதம் எழுத இன்றுதான் விட்டார்கள். ஒரு மாதம் என்றார்கள், அது ஒரு மாதத்தோடு முடியவில்லை.

உங்கள் புத்தகத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள் சித்தி. இங்கே ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. லீடர் அக்கா பச்சைச் சீருடையோடு வார்டன் மேடம் முன்னால் நின்று கண்ணீர் விட்டார். எல்லாரும் அவரைச் சுற்றி நின்று "பாவம்க்கா" என்றார்கள். நான்தான் கெட்டவள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று மாலையே என் பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டு, "உன் சிநேகிதி பண்ண வேலைக்கு இன்னிக்கு முழுப் பேப்பரும் நீதான்" என்றார். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிடவில்லை. சாயம் கொட்டியது நான், பசி அவளுக்கு. இதை ஏன் நீங்கள் வரையவில்லை? உங்கள் குண்டூசி சாயம் கொட்டிய மறுநாள் அவளுடைய சிநேகிதிக்கு என்ன ஆயிற்று?

நாங்கள் வார்டன் மேடத்திடம் போனோம், நீங்கள் சொன்ன மாதிரியே. அவள் சொல்லி முடிக்கும்வரை அவருக்குப் பொறுமை இல்லை. "சரி சரி, புரியுது, போ" என்றார். என்ன புரிந்தது அவருக்கு? அவள் இன்னும் "மே-மே-மேடம்" என்ற இடத்திலேயே இருந்தாள்!

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கட்டில்மேல் ஏறியதும் நானும் பக்கத்தில் ஏறினேன். பேப்பரின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவளோடு சேர்ந்து நானும் வாசித்தேன். சித்தி, நம்ப மாட்டீர்கள். அவளுக்குத் திக்கவே இல்லை! ரெண்டு பேர் சேர்ந்து சொன்னால் அவளுக்கு வழுக்கிக்கொண்டு வருகிறது. ஹால் கப்சிப். சிரிப்பதற்கு ஒன்றும் இல்லையே. லீடர் அக்கா முகம் சிவந்துபோய், "இறங்குடி. அவ தனியாத்தான் வாசிக்கணும்" என்றார். மறுநாள் என்னை வேறு ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள். வாசல் வழியாக அவள் குரல் கேட்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். அறிவிப்புப் பலகையில் உங்கள் போட்டோ ஒட்டியிருக்கிறது. ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராம். நாடகத்தில் குண்டூசியாக நடிக்கப்போவது யார் தெரியுமா? லீடர் அக்கா. நன்னடத்தைக் கோப்பையும் அவருக்குத்தானாம். அதை நீங்கள் உங்கள் கையால் கொடுப்பீர்களாம்.

இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்? ஏன் எழுதவில்லை? புத்தகம் விற்கிறது என்று எழுதினீர்கள். எங்களுக்கே விற்றதை எழுதவில்லை.

வர வேண்டாம் சித்தி. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வாலு


அக்டோபர் 19

அன்பு வாலுக்கு,

அழைப்பு வந்தது செப்டம்பரில். உனக்குக் கடிதம் தரமாட்டார்கள் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டேன். நீ கேட்ட எதற்கும் இந்தத் தாளில் பதில் இல்லை. நான் வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அவளையும் சாப்பிட வை.

சித்தி




நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக இதைப் படித்து முடித்த பிறகும். தைலம் நன்றாக வேலை செய்கிறது. ஆண்டு விழாவுக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. யாராவது உனக்குப் போன் செய்து ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

வாசலிலேயே பூச்செண்டு கொடுத்து வரவேற்றார்கள். நடைவழி முழுக்க நான் வரைந்த குண்டூசி, ஆள் உயரத்துக்கு. 'அநியாயத்தைக் கண்டால் சொல்லத் தயங்காதே' என்று கீழே எழுதியிருந்தது. அந்த நடைவழியில்தான் நம் பிள்ளை என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனாள்.

நாடகம் போட்டார்கள். மனசறிந்து பொய் சொல்லக் கூடாது, அந்த லீடர் பெண் அருமையாக நடித்தாள். புல்டோசரை எதிர்த்து அவள் வசனம் பேசியபோது பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒவ்வொரு வசனமும் என் கையால் எழுதியது. அடுத்து எச்.எம். மைக்கைப் பிடித்து, "துன்புறுத்தல்ங்கற வார்த்தைக்கே நம்ம பள்ளியில இடமில்லை" என்றார். அதற்கும் கைதட்டல்.

பிறகு பரிசுகள். நன்னடத்தைக் கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண் குண்டூசி வேஷத்திலேயே, இரட்டை ஜடை ஆட, என் முன்னால் வந்து நின்றாள். எனக்கு விஷயம் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. கோப்பையைப் பார்க்காமல் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மொத்தக் கூட்டமும் அவளைப் பார்த்துச் சிரிக்கும். என் புத்தகத்தில் நான் செய்தது அதைத்தான். பதினைந்து வயதுப் பிள்ளை. எனக்கு மனசு வரவில்லை. கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, "நீ போய் உக்காரும்மா" என்றேன். அவள் போய் மேடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எச்.எம். பக்கம் திரும்பினேன். "மேடம், நீங்க எனக்கு எழுதின கடிதம் இது. ஒரு பாரா வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, பாராட்டுக் கடிதம் என்று நினைத்திருப்பார், சிரித்தபடி தலையாட்டினார். வாசித்தேன். எந்த மாணவியும் கேலிக்கு உள்ளாவதில்லை, வாசிப்புப் பயிற்சி, சேவை மனப்பான்மை, பொருள் முடித்துவைக்கப்படுகிறது, எல்லாம். பிறகு பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன்: "இது சரின்னு நினைக்கிறவங்க உக்காந்திருங்க. இல்லைன்னு நினைக்கிறவங்க எழுந்து நில்லுங்க."

யாரும் அசையவில்லை. விசிறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. எவ்வளவு பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று எனக்கு வேர்த்துவிட்டது. நடுவரிசையில் நம் பிள்ளை பாதி எழுந்தாள். பக்கத்திலிருந்த பெண் அவளுடைய பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்து நின்றாள். ஒல்லியான பெண். கை இரண்டையும் பின்னால் கட்டியிருந்தாள்.

"நா-நா-நா-" என்று ஆரம்பித்தாள். பின்வரிசைகளில் சிரிப்புக் கிளம்பியது. அவள் நிறுத்தினாள். பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி அந்தச் சிரிப்பு போகட்டும் என்று நின்றாள். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "நா-நானா வா-வாசிக்கல. வா-வாசிக்க வெ-வெச்சாங்க. தெ-தெ-தெனமும். ப-பயிற்சி இல்ல மேடம் அது. அ-அ-அது எனக்கே தெ-தெரியும், உ-உங்களுக்குத் தெரியாதா?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். அதனால் என்ன, அவள் மைக் இல்லாமல்தானே பேசிக்கொண்டிருந்தாள்? அவள் பேசி முடித்தாள். பிறகு நம் பிள்ளை எழுந்தாள். அவளுக்கு அடுத்தவள் எழுந்தாள். கீழ்த்தள ஹால் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். தினமும் சிரித்தவர்களும் அவர்கள்தான். பெற்றோர் வரிசையில் அந்த ஒல்லிப் பெண்ணின் அப்பா, லாரி டிரைவர், தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றார். மேடை ஓரத்தில் அந்த லீடர் பெண் ஜடை ரிப்பனை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இருந்தாள். அவளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை.

விருந்தினர் தேநீர் எனக்குக் கொடுக்கப்படவில்லை. நம் பிள்ளையை வெளியே அனுப்ப மாட்டார்கள், பயப்படாதே. இவ்வளவு பேர் பார்த்த பிறகு அந்தத் தைரியம் அவர்களுக்கு வராது. வாலு என்னோடு இன்னும் பேசவில்லை. ஆனால் கேட் வரை கூட வந்தாள்.

உன்னிடம் கேட்காமல் செய்தேன். திட்டி எழுது.

அன்புடன்,
தங்கை


ஜனவரி 12

அன்புள்ள சித்திக்கு,

நலம். முதுகுவலி தேவலையா? அம்மா உங்களைத் திட்டி எழுதினாராமே. என்னிடம் வந்தபோது, "அந்தப் பொண்ணு இப்பச் சாப்பிடுதா?" என்றுதான் முதலில் கேட்டார். அவளுக்கும் ஒரு ஸ்வெட்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கே நடந்தது இவ்வளவுதான். 'குண்டூசி' எல்லா வகுப்பிலிருந்தும் காணாமல் போய்விட்டாள். கட்டிப் பதிப்பாளருக்கே அனுப்பிவிட்டார்களாம். நடைவழிப் படங்களையும் கிழித்துவிட்டார்கள். லீடர் அக்காவின் பேட்ஜைத் திரும்ப வாங்குவதா என்பது 'பரிசீலனையில்' இருக்கிறதாம். கேலியை ஒழிக்க அவ்வளவு யோசிக்கிறார்கள், படத்தைக் கிழிக்க ஒரு மத்தியானம்தான் ஆனது! உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்: பதிப்பாளர் கோபித்துக்கொண்டாரா?

மாலைச் செய்தி நின்றுவிட்டது. வார்டன் மேடம் இப்போது படிப்பு முடிந்ததும் ஹாலிலேயே நாற்காலி போட்டு உட்காருகிறார். நான் பழைய கட்டிலுக்கு வந்துவிட்டேன். ஒருநாள் லீடர் அக்கா வந்து அவளிடம், "ஸாரி" என்றார். அவள், "ச-சரி" என்றாள். லீடர் அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இவள் துணியை மடிக்க ஆரம்பித்தாள். போய்விட்டார். ஐஸ்கிரீம் சாப்பிட்டுச் சிநேகிதியாவதெல்லாம் உங்கள் பழைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்தான்.

குண்டூசியைத் திரும்ப முதலிலிருந்து வரையப்போவதாக எழுதியிருந்தீர்கள். பென்சில் படங்கள் வந்தன. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். நேராக உங்களுக்கே எழுதுவாளாம்.

முத்தங்களுடன்,
வாலு


பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய சித்திக்கு (நானும் அப்படியே கூப்பிடுகிறேன்),

வணக்கம். நான் நலம். அப்பா போன வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். உங்களுக்கும் வணக்கம் சொல்லச் சொன்னார்.

ஆண்டு விழாவில் எழுந்து நின்றவள் நான்தான். எழுதும்போது எனக்குத் திக்காது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

பென்சில் படங்களைப் பார்த்தேன். கோபம் வந்தது. உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் கோபம் வந்தது. முதல் விஷயம்: கட்டில்மேல் நிற்கும் பெண் எல்லாப் படத்திலும் அழுகிறாள். நான் ஒருநாள்கூட அழவில்லை. எனக்குக் கோபம்தான் இருந்தது, தினமும். பேப்பரைப் பிடித்திருந்த கையைப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அழுகிற மாதிரி வரைந்தால் பார்க்கிறவர்கள் "பாவம்" என்பார்கள். லீடர் அக்காவையும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அந்த வார்த்தை வேண்டாம்.

இரண்டாவது: எல்லாவற்றையும் வாலுதான் செய்கிறாள். நான் பின்னால் நிற்கிறேன். அவள் என் சிநேகிதி, என் பக்கத்தில் ஏறி வாசித்தாள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் முதல் சில வாரங்கள் அவளும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், எனக்குத் தெரியும். உங்களுக்கு அவள் அதை எழுதியிருக்க மாட்டாள். எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை, நான் இதை எழுதுவதும் அவளுக்குத் தெரியும். "எழுது" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சிரித்தவள் ஒருநாள் சிரிப்பை நிறுத்துவதை வரையுங்கள். அதுதான் கஷ்டம். சாயம் கொட்டுவது சுலபம்.

மூன்றாவது: அன்றைக்கு மேடையிலிருந்து எழுந்து நிற்கச் சொன்னீர்களே, என்னிடம் முதலில் கேட்டிருக்கலாம். நான் எழுந்திருப்பேன், அது வேறு. ஆனாலும் கேட்டிருக்கலாம். எல்லாரும் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னிடம் கேட்பதற்கு மட்டும் யாருக்கும் நேரமில்லை.

நகைச்சுவையை எடுத்துவிடாதீர்கள். கடிகாரம் பயந்து நிற்பது எனக்கும் பிடிக்கும். நானும் ஜோக் சொல்லுகிற மாதிரி ஒரு இடம் வையுங்கள். வேண்டுமானால் ஜோக்கை நானே எழுதித் தருகிறேன்.

உங்கள் முதுகுவலி குணமாகட்டும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி

பின்குறிப்பு: நான் பேசுகிற பலூனுக்குள் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறீர்கள். புள்ளி வைத்தால் பயந்து நிறுத்துகிற மாதிரி இருக்கிறது. நான் நிறுத்துவதில்லை. அதே எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது, அவ்வளவுதான். எத்தனை தடவை வருகிறதோ அத்தனை தடவையும் முழுசாக எழுதுங்கள். பலூன் போதவில்லை என்றால் பெரிதாக வரையுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்ளட்டும்.